மெமரி தீர்ந்து நிற்கும் சிமுலேஷன்: மெஷ்ஷில் கை வைப்பதற்கு முன்

சாயங்காலம் போட்டுவிட்டுப் போன ரன், காலையில் பார்க்கும்போது பாதியில் நின்றிருக்கிறது. லாக் ஃபைலில் பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு டைம் ஸ்டெப்பில் வரி அப்படியே அறுந்திருக்கிறது. மறுபடி போட்டாலும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கிறது. மதியம் ரிவ்யூ. இந்த நெருக்கடியில் பலரும் முதலில் கை வைப்பது மெஷ்ஷில்தான். எலிமெண்டைக் கொஞ்சம் பெரிதாக்கினால் மெமரி குறையும், ஜாப் ஓடி முடியும், ரிப்போர்ட்டுக்குப் படமும் கிடைத்துவிடும்.

ஓடி முடியும் என்பது சரிதான். ஆனால் கையில் கிடைப்பது வேறொரு கணக்கின் விடை. ஒரு பிராக்கெட்டின் ஃபில்லெட் வளைவில் எலிமெண்ட்களைப் பாதியாகக் குறைத்தால், அங்கே வரும் உச்ச ஸ்ட்ரெஸ் பொதுவாகக் குறைந்தே தெரியும். அது 10 சதவீதம் குறைந்து தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபெடீக் ஆயுளைக் கணக்கிடும் கோட்டின் அடுக்கு 5 என்றால், அந்த 10 சதவீதம் ஆயுளை ஏறத்தாழ 70 சதவீதம் கூட்டிக் காட்டும். உடையப்போகும் பாகம் காகிதத்தில் பாஸாகிவிடும். மெமரிக் கோளாறு அந்த ரிப்போர்ட்டில் எங்கேயும் தெரியாது.

அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான். மெமரி பக்குக்கு நீங்கள் கண்டுபிடிக்கும் மாற்று வழி, கணக்கு ஓடும் விதத்தை மாற்றலாம். கணக்கை மாற்றக் கூடாது. மாறவில்லை என்பதை எண்களோடு காட்டவும் உங்களால் முடிய வேண்டும். காட்ட முடியாத மாற்று வழியை ரிப்போர்ட்டில் சேர்க்காதீர்கள்.

எதனால் நின்றது?

லினக்ஸ் இயந்திரத்தில் ரேம் தீர்ந்துபோனால், கெர்னல் தானே ஒரு ப்ராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். பெரும்பாலும் அதிக மெமரி பிடித்திருப்பதுதான் பலியாகும். சிமுலேஷன் இயந்திரத்தில் அது உங்கள் சால்வர். அதற்குக் கடைசியாக ஒரு வரி எழுதக்கூட அவகாசம் கிடைப்பதில்லை. லாக் அறுந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு தடயங்கள் உண்டு. ஜாப் வெளியேறிய குறியீடு 137 என்று பதிவாகியிருக்கும். 128 உடன், கொல்லும் சிக்னலின் எண்ணான 9 சேர்ந்தது அது. டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி இருக்கும். கொல்லப்பட்ட ப்ராசஸின் பெயரும், அப்போது அது பிடித்திருந்த மெமரியும் அதிலேயே கிடைக்கும். அதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லையென்றால் சர்வர் நிர்வாகியிடம் கேட்டு வாங்குங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் வழக்கமாகக் காட்டும் மெமரி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 'கமிட் சைஸ்' என்ற பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். ப்ராசஸ் உண்மையில் எவ்வளவு கேட்டு வைத்திருக்கிறது என்பது அதில்தான் தெரியும்.

சால்வரே 'இவ்வளவு மெமரி கேட்டேன், கிடைக்கவில்லை' என்று எழுதிவிட்டு ஒழுங்காக வெளியேறியிருந்தால் அது வேறு வகை. இரண்டையும் ஒன்றாகப் பார்த்து, உடனே ரேம் வாங்கக் கொட்டேஷன் கேட்பது பணத்துக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு. மெமரி பிரச்சினை என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் மூன்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன.

முதலாவது, கணக்குக்கே அவ்வளவு மெமரி வேண்டும் என்ற நிலை. இது பக் இல்லை. ஃபைனைட் எலிமெண்ட் கணக்கில் ஸ்பார்ஸ் டைரக்ட் சால்வர் மேட்ரிக்ஸைக் காரணிப்படுத்தும்போது, முன்பு பூஜ்யமாக இருந்த இடங்களில் புதிதாக எண்கள் நிரம்பும். மெமரியைத் தின்பது இந்த நிரம்பல்தான். எல்லாவற்றையும் ரேமிலேயே வைத்துத் தீர்க்க, 10 லட்சம் டிகிரி ஆஃப் ஃப்ரீடத்துக்குச் சுமார் 10 ஜிபி. டிஸ்க்கைத் துணைக்கு வைத்துத் தீர்த்தால் சுமார் 1 ஜிபி. அன்சிஸ் கையேடுகள் தரும் தோராயக் கணக்கு இது. 7 லட்சம் நோடு உள்ள திடப்பொருள் மாடலில் நோடுக்கு மூன்று வீதம் 21 லட்சம் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் இருக்கும். ரேமுக்குள்ளேயே முடிக்க 20 ஜிபிக்கு மேல் தேவை. 16 ஜிபி இயந்திரத்தில் அது நின்றால் சாஃப்ட்வேரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜாப் முதல் தீர்வுக்குள் நுழையும்போதே விழுகிறதென்றால் இந்த வகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, எங்கோ வைத்த வரம்பு. எல்எஸ்-டைனாவில் மெமரி அளவைக் கொடுக்கும்போது அந்த எண் பைட் கணக்கில் இல்லை, வேர்டு கணக்கில் இருக்கிறது. 200 மில்லியன் என்று கொடுத்தால் சிங்கிள் ப்ரிசிஷன் பதிப்பில் அது 0.8 ஜிபி, டபுள் ப்ரிசிஷனில் 1.6 ஜிபி. 200 ஜிபி கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு காரணம் தேடி அலைபவர்கள் உண்டு. க்ளஸ்டரில் ஜாப் அனுப்பும் ஸ்க்ரிப்டில் எழுதிய மெமரி அளவும், கன்டெய்னருக்கு வைத்த வரம்பும் இதே வகை. இயந்திரத்தில் 256 ஜிபி இருந்தாலும் உங்கள் ஜாப்புக்கு ஒதுக்கியது 32 ஜிபி என்றால் 32-இல்தான் நிற்கும்.

இந்த வகையிலேயே கண்ணில் எளிதில் படாத ஒன்று, 32 பிட் முழு எண்ணின் எல்லை. சால்வர் தன் அணிகளுக்கு வரிசை எண் போட 32 பிட் எண்ணைப் பயன்படுத்தினால், அது எண்ணக்கூடிய உச்சம் 2,147,483,647. அதாவது சுமார் 215 கோடி. ஒவ்வொரு உறுப்புக்கும் 8 பைட் என்று பெருக்கினால் ஏறத்தாழ 17 ஜிபி. ரேம் தாராளமாக இருக்கும்போதே, காரணிப்படுத்தும் கட்டத்தில் அந்த அளவை ஒட்டி ஜாப் விழுந்தாலோ, மெமரி தேவை என்று லாக் காட்டும் எண் மைனஸில் இருந்தாலோ இதைச் சந்தேகியுங்கள். இதற்கு ரேம் வாங்குவது வீண். 64 பிட் முழு எண்ணோடு கட்டிய சால்வர் பதிப்பு வேண்டும். ஓப்பன் சோர்ஸ் நிரலான கால்குலிக்ஸில் அதற்கெனத் தனி பில்டே உண்டு. வணிக மென்பொருளாக இருந்தால் சப்போர்ட்டில் இந்தக் கேள்வியை நேராகக் கேளுங்கள்.

மூன்றாவதுதான் உண்மையான பக்: மெமரி லீக். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் நிரல் சிறிது மெமரியைக் கேட்டு வாங்குகிறது, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதில்லை. கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுத்தவர் பழையதைத் திருப்பாமல் அடுத்த விசேஷத்துக்கும் புதிதாக எடுத்துக்கொண்டே போனால் கடைக்காரர் நிலை என்னவோ, அதுதான் இயங்குதளத்தின் நிலையும். சின்ன மாடலில், 200 ஸ்டெப்பில் முடியும் சோதனையில் இது தெரியவே தெரியாது. நாள்கணக்கில் ஓடும் பெரிய ஜாப்பில்தான் வெளியே வரும்.

வளைகோடு வரையுங்கள்

மூன்றில் எது என்று அறிய ஊகம் வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு முறை சால்வர் ப்ராசஸின் ரெசிடென்ட் மெமரியை எடுத்து ஒரு கோப்பில் எழுதும் சின்ன ஸ்க்ரிப்ட் போதும். லினக்ஸில் பிஎஸ் கட்டளையே அந்த எண்ணைக் கொடுக்கும். பக்கத்திலேயே அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டெப் எண்ணையும் லாக்கிலிருந்து எடுத்து எழுதுங்கள். பேரலல் ரன் என்றால் எல்லா ப்ராசஸையும் தனித்தனியே பதியுங்கள். ஒன்று மட்டும் வீங்கி மற்றவை சும்மா இருந்தால் அதுவே பெரிய தடயம். ரிசல்ட்டை ஒரே இடத்தில் திரட்டி எழுதும் முதல் ப்ராசஸில் இப்படி நடப்பது உண்டு.

கோடு தொடக்கத்தில் ஏறி, பிறகு சமமாகப் போனால் லீக் இல்லை. ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் அதே அடிமட்டத்துக்குத் திரும்பினாலும் கவலை வேண்டாம். அடிமட்டமே ஸ்டெப்புக்கு ஸ்டெப் உயர்ந்துகொண்டே போனால் பக் பிடிபட்டுவிட்டது. ஒரு விலக்கு: ஓடும்போதே மெஷ்ஷை நுணுக்கிக்கொள்ளும் கணக்குகளிலும், விரிசல் வளரும் கணக்குகளிலும் மெமரி நியாயமாகவே ஏறும். எலிமெண்ட் எண்ணிக்கையையும் சேர்த்துப் பதிந்தால் குழப்பம் இருக்காது.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 64 ஜிபி இயந்திரம். மொத்தம் 60,000 ஸ்டெப் ஓட வேண்டிய ஓப்பன்ஃபோம் கணக்கு. 100-ஆவது ஸ்டெப்பில் 22 ஜிபி. 1,100-ஆவது ஸ்டெப்பில் 24 ஜிபி. ஆயிரம் ஸ்டெப்புக்கு 2 ஜிபி, அதாவது ஸ்டெப்புக்குச் சுமார் 2 எம்பி லீக். இயங்குதளத்துக்கு 4 ஜிபி விட்டுவிட்டால் மிச்சம் 38 ஜிபி. 19,000 ஸ்டெப்பை ஒட்டி ஜாப் விழும். இந்த எண் கிடைத்த பிறகு விடிய விடிய காத்திருந்து சாவைப் பார்க்க வேண்டியதில்லை. முதல் அரை மணியிலேயே எங்கே விழும் என்று சொல்லிவிடலாம்.

அடுத்து, லீக் எந்தப் பகுதியில் என்று சுருக்குங்கள். ரிசல்ட் எழுதும் இடைவெளியை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். கோட்டின் சாய்வு பாதியாகக் குறைந்தால் லீக் எழுதும் பகுதியில் இருக்கிறது. குறையாவிட்டால், ஓடும்போதே விசை, சராசரி, புள்ளி அளவீடு எடுக்கும் துணை நிரல்களை ஒவ்வொன்றாக அணையுங்கள். யூசர் சப்ரூட்டீன் இருந்தால் அதை எடுத்துவிட்டு சாதாரண மெட்டீரியலோடு நூறு ஸ்டெப் ஓட்டுங்கள். அணைத்ததும் சாய்வு நின்றுபோனால், குற்றவாளி அந்தத் துணை நிரல்தான். அது இல்லாமலே வேலை நடக்குமென்றால் உங்கள் மாற்று வழி அங்கேயே முடிந்தது: ஓடும்போது அதை அணைத்து வையுங்கள், தேவையான அளவுகளைச் சேமித்த ரிசல்ட்டிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

துண்டு துண்டாக ஓட்டுவது

லீக் சால்வரின் உள்ளேயே இருந்து, திருத்திய பதிப்பும் வராதபோது, நம்பகமான வழி ஒன்றுதான்: கணக்கைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் புதிய ப்ராசஸைத் தொடங்குவது. ஒரு ப்ராசஸ் முடியும்போது அது பிடித்திருந்த மெமரி முழுவதையும் இயங்குதளம் திரும்ப எடுத்துக்கொள்ளும். நிரல் மறந்ததையும் சேர்த்துத்தான். அடுத்த துண்டு சுத்தமான நிலையில் தொடங்கும்.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 19,000-இல் விழும் ஜாப்பை 18,500 வரை ஓட்ட ஆசைப்படாதீர்கள். அதில் ஏறக்குறைய பாதியை எடுங்கள்: 10,000 ஸ்டெப் வீதம் ஆறு துண்டு. லீக்கின் வேகம் எப்போதும் ஒரே சீராக இருக்காது. காண்டாக்ட் அதிகமாகும் கட்டத்தில் கூடக்கூடும்.

ஓப்பன்ஃபோமில் இது எளிது. கண்ட்ரோல்டிக்ட் கோப்பில் தொடங்கும் இடத்தைக் கடைசியாக எழுதிய நேரம் என்று வைத்து, முடியும் நேரத்தை ஒவ்வொரு துண்டுக்கும் ஏற்றிக்கொண்டே போகும் ஒரு லூப் ஸ்க்ரிப்ட் போதும். நேரத்தை எண்ணாமல் மெமரியையே பார்த்து நிறுத்தவும் முடியும். ஓடும்போதே கோப்பை மாற்ற அனுமதி கொடுத்திருந்தால், கண்காணிக்கும் ஸ்க்ரிப்ட் மெமரி 75 சதவீதத்தைத் தொட்டதும் நிறுத்தும் வரியை 'உடனே எழுதி நில்' என்று மாற்றிவிடலாம். சால்வர் அந்த ஸ்டெப்பை முடித்து, எழுதிவிட்டு, ஒழுங்காக வெளியேறும்.

எல்எஸ்-டைனாவில் சென்ஸ் ஸ்விட்ச் ஒன்று, அதாவது எஸ்டபிள்யூ1, அதே வேலையைச் செய்கிறது: ரீஸ்டார்ட் கோப்பை எழுதி நிறுத்திவிடும். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. டி3கில் என்ற பெயரில் கோப்பு ஒன்றை ஜாப் ஓடும் ஃபோல்டரில் வைத்து, அதற்குள் அந்த ஸ்விட்ச்சின் பெயரை எழுதினால் போதும். அபாகஸ் ஸ்டாண்டர்டில் ரீஸ்டார்ட் தரவு எழுதும்படி இன்புட் ஃபைலிலேயே முன்கூட்டிக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் ஓட்டிய ஜாப்பைப் பிறகு பாதியிலிருந்து தொடர வழியில்லை. நீண்ட ஜாப் எதுவானாலும், லீக் இருக்கிறதோ இல்லையோ, அந்த வரியைச் சேர்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

லூப் எழுதும்போது நான்கு விஷயங்களில் கறாராக இருங்கள். ஒன்று, ரீஸ்டார்ட் கோப்பு எப்போதும் குறைந்தது இரண்டாவது இருக்கட்டும். ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரமோ டிஸ்க்கோ கைவிட்டால் முந்தையது காப்பாற்றும். இரண்டு, துண்டு முடிந்ததும் நேரம் உண்மையில் முன்னேறியிருக்கிறதா என்று ஸ்க்ரிப்ட் சரிபார்க்கட்டும். முன்னேறாவிட்டால் லூப் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஒரே இடத்தில் இரவு முழுவதும் மோதிக்கொண்டிருக்கும். மூன்று, ஒவ்வொரு தொடக்கத்திலும் லைசென்ஸ் புதிதாக எடுக்கப்படும். நடுவில் வேறொருவர் எடுத்துவிட்டால் உங்கள் ஜாப் தோற்று வெளியேறும்; காத்திருந்து மீண்டும் கேட்க வழி செய்யுங்கள். நான்கு, ஜாப்புக்கு வெளியிலிருந்து ஒரு மெமரி உச்சவரம்பு வையுங்கள். லினக்ஸில் யூலிமிட் கட்டளையோ, சிஸ்டம்டி தரும் மெமரிமேக்ஸ் வரம்போ போதும். வரம்பு இல்லாவிட்டால் இயந்திரம் ஸ்வாப்பில் விழுந்து, அதே சர்வரில் ஓடும் சக ஊழியரின் வேலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

விடை மாறவில்லை என்று காட்டுங்கள்

பெரும்பாலானவர்கள் லூப் ஓடியதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ரீஸ்டார்ட் செய்த கணக்கும் ஒரே மூச்சில் ஓடிய கணக்கும் ஒரே விடையைத் தருகின்றனவா என்பது நீங்களாகச் சோதித்து அறிய வேண்டிய விஷயம்.

சோதனை சிறியது. லீக் தொந்தரவு தராத அளவுக்குக் குறுகிய ரன் ஒன்றை எடுங்கள். 200 ஸ்டெப் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதை நிற்காமல் இரண்டு முறை ஓட்டுங்கள். பேரலல் ரன்னில் ப்ராசஸ்களின் கூட்டல் வரிசை மாறுவதால், ரீஸ்டார்ட் இல்லாமலேயே கடைசி இலக்கங்களில் வித்தியாசம் வரலாம். உங்கள் அளவுகோலின் அடிமட்டம் அதுதான். பிறகு 100-இல் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து 200 வரை ஓட்டுங்கள். நீங்கள் ரிப்போர்ட்டில் தரப்போகும் அதே அளவுகளை, அதாவது உச்ச ஸ்ட்ரெஸ், விசை, வெப்பநிலை, மொத்த ஆற்றல் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். வித்தியாசம் அடிமட்டத்துக்குள் இருந்தால் சரி. அதைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். வழக்கமாக மாட்டுபவை சில உண்டு.

எழுதும் துல்லியம். ஓப்பன்ஃபோம் கோப்புகள் எழுத்து வடிவில் எழுதப்படும்போது இயல்பான துல்லியம் 6 இலக்கம்தான். சால்வர் உள்ளே சுமார் 16 இலக்கத்தில் கணக்கிட்டதை 6 இலக்கமாக வெட்டி, அதிலிருந்து மறுபடி தொடங்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சின்னக் குலுக்கல் வரும். அழுத்தம் போன்ற, பெரிய எண்ணின்மேல் சிறிய மாற்றம் முக்கியமாகும் அளவுகளில் அது பளிச்சென்று தெரியும். பைனரி வடிவில் எழுதச் சொன்னால் இந்தத் தொல்லை தீரும்.

சராசரிகள். ஓடும்போதே நேரச் சராசரி எடுக்கும் துணை நிரல், ரீஸ்டார்ட்டில் பழைய சராசரியைத் தொடர்கிறதா, பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், கடைசியில் உங்கள் கையில் இருப்பது ஆறாவது துண்டின் சராசரி மட்டும்.

யூசர் சப்ரூட்டீனின் நினைவு. அபாகஸ் யூமேட் எழுதுகிறவர்கள் சிலர் மெட்டீரியலின் வரலாற்றை ஃபோர்ட்ரான் சேவ் மாறிகளிலோ காமன் பிளாக்கிலோ வைத்துவிடுகிறார்கள். ஒரே மூச்சில் ஓடும்வரை அது வேலை செய்வதுபோலத் தெரியும். ரீஸ்டார்ட் செய்ததும் அவை காலியாகிவிடும். பிளாஸ்டிக் சிதைவு பாதி வழியில் மறந்துபோகும். சால்வர் எந்த எச்சரிக்கையும் தராது. வரலாறு முழுவதும், சால்வரே பாதுகாத்து ரீஸ்டார்ட் கோப்பில் எழுதும் ஸ்டேட் வேரியபிள் அணியில்தான் இருக்க வேண்டும்.

டர்புலன்ஸின் இயல்பு. லார்ஜ் எடி சிமுலேஷன் போன்ற கணக்குகளில் கடைசி இலக்கத்து வித்தியாசமே வளர்ந்து, சற்று நேரத்தில் ஓட்டத்தின் கணநேரத் தோற்றம் முழுவதும் வேறாகிவிடும். இதைப் பார்த்து ரீஸ்டார்ட் தவறு என்று முடிவுகட்டாதீர்கள். அங்கே ஒப்பிட வேண்டியவை சராசரியும், அலைவின் அளவும், ஸ்பெக்ட்ரமும்தான்.

முழு ரன்னும் முடிந்த பிறகு, ஆற்றல் வளைகோட்டையும் விசை வளைகோட்டையும் முழு நீளத்துக்கு வரைந்து, இணைப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே படி இருக்கக் கூடாது, முள் இருக்கக் கூடாது.

வேறு கைப்பிடிகள்

லீக் இல்லாமல் உண்மையான தேவையே அதிகம் என்று வளைகோடு சொன்னால், கணக்கைத் தொடாமல் மெமரியைக் குறைக்கும் வழிகளை முதலில் முயலுங்கள். டைரக்ட் சால்வரை டிஸ்க் துணையோடு ஓடும் முறைக்கு மாற்றலாம். வேகமான எஸ்எஸ்டி இருந்தால் தாமதம் பொறுத்துக்கொள்ளும் அளவில் இருக்கும். பருமனான திடப்பொருள் மாடல்களுக்கு இட்டரேட்டிவ் சால்வர் நன்றாகப் பொருந்தும். மெல்லிய ஷெல் மாடல்களிலும், கடினத்தன்மை மிக வேறுபடும் பொருள்கள் ஒட்டியிருக்கும் இடத்திலும் குவியச் சிரமப்படும். டாலரன்ஸை மட்டும் தளர்த்திவிடாதீர்கள். பேரலல் ப்ராசஸ் எண்ணிக்கையைக் குறைத்தாலும் மெமரி இறங்கும், ஏனென்றால் ஒவ்வொரு ப்ராசஸும் தனக்கென ஒரு பங்கு நகலை வைத்திருக்கிறது.

பல த்ரெட்களோடு லினக்ஸில் ஓடும் நிரல்களில் லீக் போலவே தோற்றமளிக்கும் இன்னொன்று உண்டு. சி நூலகமான ஜிலிப்சியின் மெமரி ஒதுக்கும் பகுதி, த்ரெட்கள் ஒன்றையொன்று தடுக்காமல் இருக்கத் தனித்தனி அரீனாக்களை உருவாக்கும். 64 பிட்டில் இயல்பான உச்சம் கோர் எண்ணிக்கையைப் போல் 8 மடங்கு. நிரல் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தாலும் மெமரி அந்த அரீனாக்களில் துண்டு துண்டாகத் தங்கிவிடும். அரீனா எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் என்விரான்மென்ட் வேரியபிள் உண்டு; அதை 2 அல்லது 4 என்று வைத்துப் பாருங்கள். கோட்டின் ஏற்றம் அடங்கினால் அது துண்டாதல்தான். இந்த மாற்றம் விடையைத் தொடாது.

மெஷ்ஷைப் பெரிதாக்குவது, மாஸ் ஸ்கேலிங்கைக் கூட்டுவது, டபுள் ப்ரிசிஷனிலிருந்து சிங்கிளுக்கு இறங்குவது, சமச்சீர் என்று சொல்லிப் பாதி மாடல் போடுவது: இவை கணக்கையே மாற்றுபவை. சமச்சீர்கூட நிபந்தனையோடுதான் செல்லும். வடிவமும் சுமையும் சமச்சீராக இருந்தாலும், பக்கிளிங் வடிவமும் அதிர்வு மோடும் சமச்சீர் இல்லாமல் வரலாம். பாதி மாடலில் அவை காணாமலே போய்விடும். இந்த வழிகளில் போகத்தான் வேண்டும் என்றால், புதிய கணக்காகவே கருதி மெஷ் கன்வர்ஜென்ஸ் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் சொந்த நிரலில் இருந்தால்

லீக் உங்கள் சப்ரூட்டீனில் என்று தெரிந்துவிட்டால் லூப் எல்லாம் வேண்டாம், திருத்திவிடுங்கள். ஃபோர்ட்ரானில் அடிக்கடி நடப்பது இது: சப்ரூட்டீனுக்குள் பாயிண்டர் மாறிக்கு இடம் ஒதுக்கிவிட்டு விடுவிக்க மறப்பது. ஃபோர்ட்ரான் 95 முதல், சேவ் இல்லாத உள்ளூர் அலோக்கட்டபிள் அணி சப்ரூட்டீன் முடியும்போது தானாக விடுவிக்கப்படும். பாயிண்டருக்கு அந்த வசதி இல்லை. பல நேரம் பாயிண்டர் என்ற அந்த ஒரு சொல்லை அலோக்கட்டபிள் என்று மாற்றினாலே லீக் நின்றுவிடும். ஒவ்வொரு இன்டக்ரேஷன் பாயிண்டிலும் ஒவ்வொரு இட்டரேஷனிலும் அழைக்கப்படும் நிரல் அது. 100 பைட் விட்டாலும் ஒரு நாளில் ஜிபி கணக்கில் சேரும்.

இடம் தெரியாவிட்டால் வால்கிரின்ட் கருவியில் ஓட்டுங்கள். அதில் நிரல் 20, 30 மடங்கு மெதுவாகும் என்பதால் நூறு எலிமெண்ட், பத்து ஸ்டெப் என்று சின்ன மாடல் எடுங்கள். அறிக்கையில் 'நிச்சயமாக இழந்தது' என்ற வகையை முதலில் பாருங்கள். 'இன்னும் எட்டக்கூடியது' என்ற வகையில் பெரும்பகுதி ஆபத்தில்லாதது. ஆனால் ஸ்டெப்பைப் பத்திலிருந்து இருபதாக்கும்போது அந்த எண்ணும் இரட்டிப்பானால் அதுவும் லீக்தான்: பட்டியல் ஒன்றில் சேர்த்துக்கொண்டே போய் யாரும் அழிக்காமல் விட்டது.

எண்ணோடு எழுதி வையுங்கள்

1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். நேரத்தைக் கணக்கிடுவதில் இருந்த சிறு துல்லியக் குறை, 100 மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து ஓடியதில் சேர்ந்து பெரிதாகிவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும் வகைக் கோளாறு. மிக நீண்ட நேரம் ஓடினால் பிசகும் என்று சில நாள் முன்பே பயன்படுத்துவோருக்குச் செய்தியும் போயிருந்தது. மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி என்று அதில் இல்லை. திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

2015-இல் போயிங் 787 விமானத்தில் இன்னொரு கோளாறு தெரியவந்தது. ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால், உள்ளே உள்ள ஓர் எண்ணி நிரம்பி, கருவிகள் ஒன்றாக முடங்கக்கூடும். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை, 120 நாளுக்குள் ஒரு முறை மின்சாரத்தை முழுவதும் துண்டித்துத் தொடங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மாற்று வழி அதே ரீஸ்டார்ட்தான். ஆனால் இதில் எண் இருக்கிறது, அந்த எண்ணும் எல்லையின் பாதிக்குள் இருக்கிறது.

உங்கள் டீம் குறிப்பிலும் அப்படியே எழுதுங்கள்: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, ஸ்டெப்புக்கு எத்தனை எம்பி லீக், எத்தனை ஸ்டெப்புக்கு ஒரு ரீஸ்டார்ட், ஒப்பீட்டுச் சோதனையில் வந்த வித்தியாசம் எவ்வளவு. 'பெரிய மாடல் என்றால் அவ்வப்போது ரீஸ்டார்ட் பண்ணிக்கோ' என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனால், அடுத்து வருபவர் தன் கணக்கை எங்கே துண்டாக்குவது என்று எப்படி அறிவார்?

இதே குறிப்பு மென்பொருள் நிறுவனத்துக்கு அனுப்பும் பக் ரிப்போர்ட்டுக்கும் பயன்படும். வாடிக்கையாளரின் ரகசிய மாடலை அனுப்ப முடியாது என்பதால் பலர் ரிப்போர்ட்டே போடுவதில்லை. ஒரு கனசதுரம், சாதாரண மெட்டீரியல், சந்தேகத்துக்குரிய அந்த ஒரே அம்சம்: இந்த மூன்றோடு அதே சாய்வு வந்தால் அந்தச் சின்ன மாடலையும் வளைகோட்டையும் அனுப்புங்கள். 'மெமரி நிறைய எடுக்கிறது' என்ற புகாரைத் தள்ளி வைக்க முடியும். 'இந்த அம்சம் இருந்தால் ஸ்டெப்புக்கு 2 எம்பி, எடுத்தால் பூஜ்யம்' என்பதைத் தள்ளி வைப்பது கடினம். திருத்திய பதிப்பு வந்ததும் அதே கனசதுரத்தை ஓட்டிப் பாருங்கள். கோடு சமமாகிவிட்டால் லூப் ஸ்க்ரிப்டை நீக்குங்கள். தேவை முடிந்த மாற்று வழி தங்கிவிட்டால் அதுவே அடுத்த குழப்பத்துக்கு விதை.

டீம் லீடர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரீஸ்டார்ட் ஒப்பீட்டுக்கு அரை நாள் ஆகும். ஷெட்யூல் நெருக்கும்போது முதலில் வெட்டப்படுவது அந்த அரை நாள்தான். அதை வெட்டாதீர்கள். அந்த பிராக்கெட் ஒரு வண்டியில் ஏறும், நீங்கள் கணக்கிட்ட பிரஷர் வெசலுக்குப் பக்கத்தில் ஆட்கள் நின்று வேலை செய்வார்கள். மெமரி போதாத இயந்திரத்தில் எடுத்த விடையும், தாராளமான இயந்திரத்தில் எடுத்த விடையும் ஒன்றுதான் என்று கையெழுத்துப் போடும் பொறியாளர் உறுதியாகச் சொல்ல அந்த அரை நாள் அவருக்கு வேண்டும்.